டிகிரி விழுவதற்குத் தாழி காரணமில்லை

கறவை மாட்டுக்குத் தண்ணீரை அளந்து வைத்தால் பால் கெட்டிப்படும், பால் சங்கத்தில் லாக்டோமீட்டர் டிகிரி ஏறும், விலையும் கூடும் என்று எழுதியிருக்கிறார் ஒரு பண்ணைக் கட்டுரையாளர். 10 லிட்டர் வாளியில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு போதுமாம். அதற்கு மேல் வைத்தால் பாலில் நாமே தண்ணீர் கலப்பதற்குச் சமமாம். கட்டுத்தறிகளில் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருந்த பழைய புரளிக்கு இப்போது அச்சும் கிடைத்துவிட்டது. நம்பிச் செய்கிறவர் மாடு கெடும் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடிக்கிற தண்ணீர் குழாய் போட்டதுபோல மடிக்குப் போவதில்லை. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தாழி தீர்மானிப்பதில்லை. மடியில் சுரக்கும் லாக்டோஸ் சர்க்கரை தனக்கு வேண்டிய நீரை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இரத்தமும் பாலும் ஒரே சவ்வூடுபரவல் அழுத்தத்தில் நிற்கும்வரைதான் இந்த இழுப்பு. மாடு கூடுதலாகக் குடித்தால் அது மூத்திரமாகப் போகும், பாலாக வராது. கலப்படத்தைக் கண்டுபிடிக்கப் பால் நிலையங்களில் உறைநிலைச் சோதனை செய்கிறார்களே, அது இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்கிறது. பசும்பால் மைனஸ் 0.52 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் உறையும். கேனில் தண்ணீர் ஊற்றினால் அந்த எண் பூஜ்யத்தை நோக்கி நகரும். தாழியில் குடித்த தண்ணீரும் பாலை நீர்க்கச் செய்யுமென்றால், மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டியவர் எல்லாரும் கலப்படக்காரராக மாட்டியிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக யாரும் மாட்டவில்லை என்பது கட்டுரையாளருக்கு உறுத்தவே இல்லை.

தண்ணீரைக் குறைத்தால் நடப்பது வேறு. மாடு முதலில் தீவனத்தைக் குறைக்கும். பெருவயிற்றில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வற்றினால் வைக்கோலும் தட்டும் நொதிக்காமல் நகராமல் கிடக்கும். அசைபோடுவது குறையும். சாணம் இறுகி, கட்டிகட்டியாக விழும். கண் குழியும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் கூம்பிக்கொண்டே நிற்கும். வெயிலில் மூச்சிரைப்புக்கும் வியர்வைக்கும் தண்ணீர் போய்விட, மீதி இருப்பதில் மடிக்குக் கடைசிப் பங்குதான். தினமும் 10 லிட்டருக்கு மேல் கறக்கிற ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு, உலர்தீவனத்தில், கோடையில் 80 லிட்டர்கூடச் சாதாரணம். கட்டுரையாளர் வைப்பது 40.

சரி, அவர் சொல்கிறபடி டிகிரி கொஞ்சம் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். 12 லிட்டர் மாடு 9 லிட்டருக்கு இறங்கி, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.2 சதவீதத்திலிருந்து 8.4 ஆகிறது. முன்பு, தோராயமாக லிட்டருக்கு 82 கிராம் வீதம், 984 கிராம் திடப்பொருள் ஊற்றினீர்கள், இப்போது 756. லாக்டோமீட்டர் மிதக்கிற உயரத்தைப் பார்த்துப் பூரித்தவர், கேனை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கலாம்.

தாத்தா காலத்தில் இரண்டு வேளைத் தண்ணீர்தானே என்பது அவருடைய இன்னொரு ஆதாரம். தாத்தாவின் காங்கேயம் பசு கொறங்காட்டில் மேய்ந்து, கன்றுக்குப் போக ஓரிரு லிட்டர் கொடுத்தது. மழைக்காலத்துப் பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர் உண்டு. வைக்கோலில் பத்தில் ஒரு பங்கு. இன்றைய மாட்டைக் கட்டிப்போட்டு வைக்கோலும் புண்ணாக்கும் காட்டிவிட்டு, குடிநீருக்கு மட்டும் தாத்தாவைக் கூப்பிடுகிறார்.

நாள் முழுக்க வைத்தாலும் மாடு குடிப்பதில்லை, அதனால் அதற்குத் தேவை இல்லை என்கிறார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. மதிய வெயிலில் கொதித்த, பாசி படிந்த, நேற்றைய தவிடு புளித்து மிதக்கிற சிமெண்டுத் தொட்டியில் நானும் குடிக்க மாட்டேன். அதைத் தேய்த்துக் கழுவி, கறந்து முடித்த கையோடு புதுத் தண்ணீர் காட்டிப் பாருங்கள்: வாயை எடுக்காமல் ஒரு வாளியை ஒரு நிமிஷத்துக்குள் காலிசெய்து, வாளியின் அடியை நக்கும். (கழுநீரும் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்றும் எழுதியிருக்கிறார். சோற்றுக் கழிவை அள்ளிக் கொட்டி, வயிற்றில் அமிலம் ஏறிச் செத்த மாடுகளைப் பற்றி ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்கட்டும்.)

கன்றுகளுக்கும் இதே கட்டுப்பாடு என்கிறார். இது எல்லாவற்றையும்விட மோசம். தாகத்தில் காயவிட்டு, பிறகு ஒரேயடியாகக் குடிக்கவிட்ட கன்றுக்கு இரத்தச் செல்கள் உடைந்து மூத்திரம் சிவப்பாகப் போகும், சாகவும் செய்யும்.

எஸ்.என்.எஃப் குறைகிறது என்பது பொய்யில்லை. அடர்தீவனமும் பசுந்தீவனமும் பற்றாமல் மாடு இளைத்தால் குறையும், வெளியே தெரியாத மடிநோய் இருந்தால் குறையும், வெக்கையில் குறையும். இவற்றில் ஒன்றைக்கூடத் தேடாமல் வாளியைப் பிடித்துக்கொண்டார்.

கிணறு வற்றி டேங்கர் வாங்குகிறவரின் சிரமத்தை அவர் எழுதிய பத்தி மட்டும் நியாயம். அதற்கும் கணக்குப் போடலாம். 12,000 லிட்டர் டேங்கர் 1,800 ரூபாய் என்றால் லிட்டர் 15 பைசா. அவர் மிச்சம் பிடிக்கச் சொல்லும் 40 லிட்டருக்கு 6 ரூபாய். அந்த 6 ரூபாய்க்காகத்தான் 3 லிட்டர் பாலை விடச் சொல்கிறார். அதுவும் முடியாத நிலைமை என்றால் தொழுவம் கழுவுகிற தண்ணீரைக் குறைக்கலாம், சினை நிற்காத வறட்டு மாட்டை விற்கலாம். கறக்கிற மாட்டின் வாளிக்குப் போக வேண்டியதில்லை.