விறகைப் புரட்டியபோது

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், கொல்லையில் ரெண்டு வருடமாகக் கிடந்த விறகு அடுக்கைப் பிரித்தேன். அடியில் இருந்த முருங்கைக் கட்டை பஞ்சாக இற்றுப்போயிருந்தது. பட்டையை உரித்தால் கைப்பிடி அளவு மண்புழுக்கள்! கருஞ்சிவப்பு உடம்பு, வெளிச்சம் பட்ட இடத்தில் நீல மினுக்கம். நான் இதுவரை புழு வாங்கி விட்டதே இல்லை. பிறகு இவை எப்படி இங்கே வந்தன?

பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்கிற நம் நாட்டுப் புழு அது. மண்ணுக்குள் ஆழமாகப் போகாது. சருகு, சாணம், மட்கும் கட்டை என்று மேலாகவே வாழும். தோலால் மூச்சுவிடும் உயிர் என்பதால் உடம்பு காய்ந்தால் செத்துவிடும். தரை முழுக்க நனைந்து கிடக்கும் மழை இரவுதான் அதற்குப் பயணக் காலம். இன்னொரு வழியும் உண்டு. நெல்மணியைவிடச் சிறிய முட்டைக்கூடுகள் ஒரு கூடைச் சாணத்திலோ, நாற்றுத் தொட்டியின் மண்ணிலோ, மண்வெட்டியில் ஒட்டிய சேற்றிலோ நமக்குத் தெரியாமலே வந்து சேர்ந்துவிடும். புழு தாங்காத வறட்சியைக்கூட அந்தக் கூடு ஓரளவு தாங்கும்.

கறையானோ என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். மண்புழுவுக்குப் பல் கிடையாது. பூஞ்சையும் நுண்ணுயிர்களும் இளக்கிக் கொடுத்த கட்டையைத்தான் அது தின்னும். உங்கள் வீட்டு நிலைக்கதவுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

உரக்குழிக்குப் புழு வேண்டுமென்று காசு கொடுத்து ஆப்பிரிக்க ரகத்தை வாங்குகிறவர்கள் பலர். ஊர்ப் புழுவே போதும் என்று சொல்லி வருபவர் சென்னை மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில். அவர் சொல்லித் தரும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். அரைக் கிலோ வெல்லம், அரைக் கிலோ பசுஞ்சாணம் இரண்டையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, புழு நடமாடும் ஈரமண்ணில் ஒரு சதுர மீட்டருக்குத் தெளிக்க வேண்டும். மேலே வைக்கோலும் சாண உருண்டைகளும் போட்டு, பழைய சாக்கால் மூடி, தினமும் நனைத்து வந்தால் 20, 30 நாளில் அக்கம்பக்கத்துப் புழுக்கள் அங்கே கூடிவிடும்.

உரித்த பட்டையை இருந்தபடியே மூடிவைத்துவிட்டேன். அடிவரிசைக் கட்டைகளை இந்த வருடம் அடுப்புக்கு எடுப்பதாக இல்லை. உங்கள் கொல்லையிலும் ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்து, கண்டதை எழுதுங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்