கணினி கண்டுபிடிக்கும் நஞ்சும் பீப்பாயில் இருந்த நஞ்சும்

புது மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே, அது ஈரலைக் கெடுக்குமா, இதயத் துடிப்பைக் குலைக்குமா என்று கணினி கணித்துச் சொல்லும் காலம் இது. மந்திரம் ஒன்றுமில்லை. ஏற்கெனவே சோதித்த ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களின் அமைப்பையும் அவை செய்த கேட்டையும் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் ‘டாக்ஸ்21’ என்ற திட்டத்தில் மட்டும் சுமார் 10,000 பொருள்களைச் சோதித்தார்கள். புதுப் பொருளின் சாயல் பழைய நஞ்சோடு ஒத்துப்போனால் கணினி எச்சரிக்கும். நம் நாட்டிலும் 2023-ல் விதிகளைத் திருத்தி, மருந்துச் சோதனையில் கணினி மாதிரிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் படித்த பிரெஞ்சு மொழியில் மீன் என்ற சொல்லில் ஒரு ‘எஸ்’ குறைந்தால் அது நஞ்சாகிவிடும். வேதிப்பொருளும் அப்படித்தான், அமைப்பில் சிறு மாற்றம், குணம் தலைகீழ். அதைக் கணினி கண்டுபிடிப்பது நல்லதே. நம் கரிசல்காட்டுப் பருத்திச் சம்சாரிக்குப் பூச்சிமருந்து டப்பாவின் சிவப்பு முக்கோணம் தெரியும். கொடிய விஷம் என்ற அந்த அடையாளம் எலிகள் செத்துச் சொன்னது. அந்தப் பாவம் குறையட்டும்.

நிற்க. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதித்த அளவோ 0.1 சதவீதம்.

இதை நஞ்சு என்று சொல்லக் கணினி தேவையே இல்லை. 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது இதே பொருள்தான். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றதும் இதுதான்.

நாம் எழுதிக் கொடுக்கும் பொருளைப் பற்றித்தான் கணினி சொல்லும். பீப்பாய்க்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை ஒரு மனிதர் திறந்து, மாதிரி எடுத்து, சோதித்துப் பார்க்க வேண்டும்.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்த அரை நிமிடம் போதும். உண்மையிலேயே சரிபார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மனசாட்சியும் வேண்டும். கணினிக்குத் தாராளமாகச் செலவழியுங்கள், ஐயா. அதோடு, மருந்தில் சேர்க்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு சோதனை, சோதித்தவரின் பெயரோடு ஒரு கையெழுத்து. இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். தெரியாத நஞ்சைத் தேடுமுன், தெரிந்த நஞ்சை வாசலிலேயே நிறுத்துவோம்.