ஆசைப்பட்டதை மேலே எழுதுங்கள்

பொறியியல் கலந்தாய்வில் ரேங்க் வந்த பிறகு ஒரு பிள்ளையின் கையில் மிஞ்சுவது சாய்ஸ் லிஸ்ட் ஒன்றுதான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டாயிற்று. அதில் இனி எதையும் மாற்ற முடியாது. எந்தக் கல்லூரியை எதற்கு மேலே எழுதுகிறோம் என்பது மட்டும் நம் வசம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் படித்து வாங்கிய மார்க்கை பிரவுசிங் சென்டரில் யாரோ அரை மணி நேரத்தில் தட்டி அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

2018-க்கு முன்பு கிண்டிக்கு நேரில் போக வேண்டியிருந்தது. பெட்டி படுக்கையோடு அலைச்சல்தான். ஆனால் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று அண்ணா பல்கலைக்கழகத்துத் திரையில் கண்ணெதிரே தெரியும். பார்த்து ஒன்றைச் சொன்னால் போதும். இணையவழி வந்ததும் அலைச்சல் ஒழிந்தது, நல்லதுதான். கூடவே, என்ன மிஞ்சும் என்று தெரியாமலே முன்கூட்டி வரிசைப்படுத்தும் வேலை பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தது. அதை எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் நடக்கும் ‘கல்லூரிக் கனவு’ கூட்டங்கள் நல்ல முயற்சி. ஆனால் அரங்கத்தில் நூறு பேரோடு கேட்பது வேறு, தன் ரேங்க்கை வைத்துக்கொண்டு கேட்பது வேறு.

சமீபத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. கட் ஆஃப் 171.5. கோடு போட்ட நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்களை அழகாக எழுதிவைத்திருந்தாள். முதலில் இருந்தது வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்பும் ஒரு தனியார் கல்லூரி. அவள் ஆசைப்பட்ட வேலூர் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் இசிஇ பதினொன்றாவது வரியில் கிடந்தது.

“ஏம்மா இதை இவ்வளவு கீழ போட்டே?”

“கெடைக்காததை மேல போட்டா சாய்ஸ் வீணாயிடும்னு சென்டர்ல சொன்னாங்க சார்.”

வீணாகாது. இதை ஊரெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. நம் முறை வரும்போது முதல் சாய்ஸில் இடம் இருந்தால் தருகிறது, இல்லாவிட்டால் அடுத்ததற்கு இறங்குகிறது. மேலே பத்து எட்டாத கல்லூரிகளை எழுதியதால் பதினொன்றாவது கைநழுவாது. நம் ஒதுக்கீட்டுப் பிரிவிலேயே நமக்குப் பின்னால் ரேங்க் உள்ளவர் அதையே முதலில் எழுதியிருந்தாலும், அதே சுற்றில் நம்மைத் தாண்டி அவருக்குப் போகாது. மாறாக, பஸ் வரும் கல்லூரி மேலே இருந்து அது கிடைத்துவிட்டால், கீழே எழுதிய எதையும் கணினி திரும்பிப் பார்க்காது. அந்தப் பெண்ணுக்கு வேலூரில் இடம் இருந்தாலும் கிடைத்திருக்காது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் இதே வரிசைதான் பேசும். ‘ஏற்கிறேன், மேலே காலியானாலும் வேண்டும்’ என்று ஒருவர் கொடுத்தால், அந்த ‘மேலே’ அவர் பட்டியலில் அந்தக் கல்லூரிக்கு மேல் உள்ளவை மட்டுமே. மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் மனசில்லாத பெயரை ஒப்புக்குக்கூட மேலே எழுதக் கூடாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருக்கும்போது ஏழெட்டோடு நிறுத்துவதும் ஆபத்து. எதுவுமே ஒதுக்கீடு ஆகாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் குட்டையாக இருக்கும்.

அப்பாவின் கவலை வேறு. “வேலூர்னா ஹாஸ்டல் சார். மேஸ்திரி வேலையில அதுக்கு எங்க போறது?” அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்றதும் மனிதர் மகளைப் பார்த்தார். இந்த ஒரு தகவல் தெரியாததால் எத்தனை பெண்கள் பஸ் தடத்தை வைத்துக் கல்லூரியை முடிவு செய்திருப்பார்கள்!

வரிசை போட எதைப் பார்ப்பது என்று பெற்றோர் கேட்கிறார்கள். போன வருஷக் கட் ஆஃபை மட்டும் நம்பாதீர்கள். வினாத்தாள் சுலபமாக இருந்தால் எல்லோருக்கும் மார்க் ஏறி அது மாறிவிடும். உங்கள் சமூகப் பிரிவில் கடைசியாக எந்த ரேங்க் வரை அந்தப் பாடப்பிரிவு போனது என்று பாருங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இதோடு ஒப்பிடக் கூடாது. முடிந்தால் ஒரு நாள் நேரில் போய், கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஒரே பாடத்துக்கு வருஷத்தில் எத்தனை வாத்தியார் மாறினார்கள், லேபில் கை வைக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விளம்பரப் பலகையில் இல்லாதது அங்கே தெரியும்.

பரீட்சை முடிந்த கையோடு வீடு தேடி வரும் ஏஜென்டிடம் அசல் மார்க் ஷீட்டையோ டி.சி.யையோ கொடுத்துவிடாதீர்கள். கலந்தாய்வுக்குப் பதிவேற்றினால் போதும். கொடுத்தவர்கள் நல்ல இடம் வந்த பிறகு அதைத் திரும்ப வாங்க அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் பதிவில் கொடுத்திருக்கும் செல்போன் எண் யாருடையது என்று கேட்டேன். சென்டர்காரருடையது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். ஓடிபி அங்கே போனால், ஒதுக்கீட்டை உறுதி செய்யும் அந்தக் குறுகிய அவகாசத்தில் இவள் அவர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். உறுதி செய்யத் தவறினால் இடம் போய்விடும். அப்பாவும் மகளும் எண்ணை மாற்றித்தரச் சொல்லி உதவி மையத்துக்குக் கிளம்பினார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பதிவில் இருப்பது யார் எண் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.