பங்காளி என்று பெயர் வைத்தால் காயம் யாருடையது?

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் இறங்கி வேலை செய்கிறவர்களில் பலருக்கு நாட்சம்பளம் கிடையாது. சாப்பாடு உண்டு, கல் அகப்பட்டால் பங்கு உண்டு. காணிக்காரர், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர், தண்ணீர் இறைக்கும் இயந்திரம் கொடுத்தவர் என்று ஒவ்வொருவரின் பங்கும் போக, மிஞ்சியதைக் குழியில் இறங்கியவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மழை நாளில் பக்கச் சுவர் சரிந்து ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டால், அவருடைய முதலாளி யார் என்ற கேள்விக்கு லேசில் பதில் கிடைக்காது. அங்கே எல்லோரும் பங்காளிகள்.

அதே மாவட்டத்தின் தேயிலை மலைகளும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பெருந்தோட்டக் கம்பனிகள் முன்வைக்கும் வருமானப் பகிர்வு முறையில், ஒரு குடும்பத்துக்குக் குறிப்பிட்ட அளவு தேயிலைச் செடிகள் ஒப்படைக்கப்படுகின்றன. உரம், மருந்து கம்பனி தரும். பராமரித்துக் கொழுந்து கொடுப்பது குடும்பத்தின் பொறுப்பு. கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வரும். நன்றாக உழைப்பவருக்கு வருமானம் கூடும் என்பது கம்பனிகளின் வாதம். சில இடங்களில் அப்படி நடக்கவும் செய்யலாம். ஆனால் செக்ரோல் என்னும் வேலையாள் பதிவேட்டில் இருந்து பேர் வெளியே போகும்போது அதனோடு சேமலாப நிதியும் போகிறது. குளவி கொட்டினாலோ, கவ்வாத்துக் கத்தி பட்டாலோ, சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தாலோ யாரிடம் கேட்பது என்பதும் சேர்ந்தே போகிறது. சம்பள விவாதத்தில் இந்தக் கடைசி விஷயத்தை எவரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசாமல் விட்டால், மாணிக்கக் குழியில் நடப்பது நாளைக்குத் தேயிலை மலையிலும் நடக்கும்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இல் வந்தது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் தொழில் கொடுப்பவர் நட்டஈடு தர வேண்டும். தோட்டத் துரையின் தவறு என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, வாய்ச்சொல்லே போதும். கூலி நாள் கணக்கா, கிலோ கணக்கா என்பதும் பொருட்டல்ல. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறவர்தான். அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லப்படுவதில்லை. வேலையில் ஒருவர் இறந்தால் தோட்டம் பெட்டி வாங்கித் தருவதும், செலவுக்குக் கையில் ஒரு தொகை கொடுப்பதும் உதவிதான். அதை நட்டஈடாகக் கணக்கிட முடியாது. நட்டஈட்டுத் தொகையைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. "இனி எதுவும் கேட்க மாட்டோம்" என்று லயத்து வாசலில் வாங்கும் கையெழுத்தால் அந்த உரிமை அழிந்துவிடாது.

2022 இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 550,000 ரூபாவாக இருந்த உச்ச வரம்பு 20 இலட்சமானது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகள் சேர்க்கப்பட்டன. லொறியிலும் டிராக்டரிலும் நின்றபடி வேறு மலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் உச்ச வரம்பு தோட்டத்தில் எவர் கையையும் எட்டுவது அரிது. நட்டஈடு மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தாலும், மாதத்துக்கு எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, விழுகிறது என்பதுதான் மாதச் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப் பேர். மழையிலும் வரட்சியிலும் வேலை குறைந்தால் பேரும் குறையும். இப்படித் தேய்ந்த சம்பளத்தை வைத்துத்தான் போன விரலுக்கும் கண்ணுக்கும் விலை போடப்படுகிறது.

குளவியின் கதை இன்னும் மோசம். மலையகத்தில் அடிக்கடி நேரும் விபத்து அது. கழுகோ காற்றோ கூட்டைக் கலைத்தால், படங்கு கட்டிக் கூடை சுமந்த பெண் அந்தச் சரிவில் ஓடவும் முடியாது. ஒவ்வாமை கடுமையானால் வைத்தியசாலை போய்ச் சேருமுன்பே உயிர் போகலாம். பிழைத்தவர்களில் பலர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். வேலை செய்ய முடியாத நிலை மூன்று நாளைத் தாண்டினால்தான் சட்டம் நட்டஈடு பற்றிப் பேசும். அந்த ஓரிரு நாட்கள் சம்பளம் இல்லாத நாட்கள். வீங்கிய முகத்தோடு மறுபடி மலை ஏறுகிறவர்களின் கணக்கு எங்கேயும் பதிவாவதில்லை.

பதிவு என்று வந்தால் 1942 இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் கை சிக்கினால் அது இந்தச் சட்டப்படி பதிவாகும் தொழிற்சாலை விபத்து. அந்தக் கொழுந்தைப் பறித்த மலைக்கும், கேகாலை மாவட்டத்தில் விடியற்காலை பால் வெட்டப் போகும் இறப்பர்க் காட்டுக்கும் அந்தச் சட்டம் வராது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பாம்புக்கும் வழுக்குப் பாறைக்கும் நடுவில் வேலை நடக்கிறது. அங்கே பாதுகாப்பைப் பார்க்கும் பரிசோதகருக்குச் சட்டப்படி வேலை இல்லை.

ஜெர்மனி 1884 இலேயே தொழில் கொடுப்பவர்கள் சேர்ந்து பணம் போடும் விபத்துக் காப்புறுதியை உருவாக்கியது. அங்கே காயப்பட்டவர் தன் முதலாளியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை, நிதியம் கொடுக்கும். இலங்கையில் இன்றும் ஒவ்வொரு காயமும் ஒரு தொழிலாளிக்கும் ஒரு கம்பனிக்கும் இடையிலான தனி வழக்காகவே இருக்கிறது. கங்காணியோடும் கணக்கப்பிள்ளையோடும் தினம் முகம் பார்க்க வேண்டியவர், கம்பனிக்குச் சொந்தமான லயத்தில் குடியிருப்பவர், கொழும்பில் உள்ள ஆணையாளர் அலுவலகம்வரை போய் வழக்குப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போகும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் ஒரு சிறு தொகையைக் கம்பனி விபத்து நிதியத்தில் போட வேண்டும். அந்தக் கொழுந்தைப் பறித்தவர் செக்ரோலில் இருக்கிறாரா, கைக்காசுக்கு வந்தாரா, பங்குக்கு எடுத்தவரா என்று நிதியம் கேட்கக் கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்ட ஒவ்வொரு காயத்துக்கும் அன்றைக்கே தமிழில் ஒரு துண்டு எழுதிக் காயப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள மாகாணங்களிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் காரியம் பார்க்கும் உரிமையை 1988 இன் 16 ஆவது திருத்தம் தந்திருக்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நட்டஈட்டு விண்ணப்பம் அந்த மொழியிலேயே வாங்கப்பட வேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்குத் தொழிற்சங்கங்கள் போகும்போது, நாட்சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போகட்டும்.