ரூட்டு கொடுக்காதீங்க பாஸ்!

'ரூட்டு'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டும், ஃபுட்போர்டு கூட்டமும், ரூட்டு தலயும்தானே? லினக்ஸ் லேப்ல உட்கார்றவங்களுக்கு ரூட்டுன்னா வேற. அந்த மெஷினில் எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய யூஸர். ஃபைலை அழிக்கலாம், அடுத்தவர் பாஸ்வேர்டை மாற்றலாம். 'ஏம்ப்பா?'ன்னு கேட்க ஆள் கிடையாது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு சர்வர் வெச்சிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ரூட் பாஸ்வேர்டு நாலு பேருக்கும் தெரியும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி டேட்டாபேஸைக் காணோம்! யார் கைவரிசை? நாலு பேரும் 'ரூட்' என்ற ஒரே பெயரில் உள்ளே போயிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீங்க? டேட்டாபேஸைத் திரும்பக் கட்டிடலாம். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பிச்ச கேங்கை..?

இதுக்கு மருந்துதான் 'சூடோ'. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகெஷாலும் க்ளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைப் பராமரித்து வருபவர் டாட் மில்லர். யார், எந்த மெஷினில், யாருடைய பெயரில், எந்த கமாண்டை ஓட்டலாம்? இந்த நாலும் ஒரு பாலிசி ஃபைலில் இருக்கும். நீங்க கொடுப்பது உங்க சொந்த பாஸ்வேர்டு. லாகில் பதிவாவதும் உங்க பெயர். சாவியும் பத்திரம், நட்பும் பத்திரம்!

ஆனா, பாலிசி எழுதுறதுலதான் வில்லங்கமே. நம்மாளுங்க சோம்பேறித்தனமா, 'எல்லாம் செய்யலாம், இதைத் தவிர' என்று எழுதிடுவாங்க. ஷெல் புரோகிராமைத் தடுத்தீங்களா? அதையே வேறு பெயரில் காப்பி செய்து ஓட்டினால் முடிஞ்சது கதை. எடிட்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தீங்களா? வி.ஐ. எடிட்டருக்குள்ளிருந்தே ஷெல்லுக்குத் தாவிடலாம்.

2019 அக்டோபரில் வெளியான ஓட்டை இன்னும் சூப்பர். பாலிசியில், 'ரூட்டைத் தவிர யாருடைய பெயரிலும் ஓட்டலாம்' என்று இருக்கிறது. ஒருத்தர், 'நான் -1 என்ற நம்பர் யூஸராக ஓட்டுறேன்' என்கிறார். ரூட்டின் நம்பர் 0. -1 என்பது 0 இல்லையே, சரி போ என்றது சூடோ. ஆனால், யூஸர் நம்பரை மாற்றும் சிஸ்டம் காலுக்கு -1 என்றால் 'எதையும் மாற்றாதே' என்று அர்த்தம். சூடோ ஏற்கெனவே ரூட்டாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. விளைவு? தடுக்கப்பட்ட அதே ரூட் பதவி கையில்! 'குமாரை உள்ளே விடாதே' என்று சொல்லப்பட்ட வாட்ச்மேனிடம், 'எனக்குப் பேரே இல்லண்ணா' என்று சொல்லிக் குமாரே உள்ளே போன மாதிரி. 1.8.28 வெர்ஷனில்தான் அடைத்தார்கள்.

2025 ஜூனில் இன்னொன்று. வேறொரு மெஷினில் உங்களுக்கு என்ன அனுமதி என்று பார்க்க மட்டும் வைத்த ஆப்ஷனை, கமாண்ட் ஓட்டவும் பயன்படுத்த முடிந்தது. அந்த மெஷினுக்கு எழுதிய அனுமதி இந்த மெஷினில் செல்லுபடியானது! லேப் முழுக்க ஒரே பாலிசி ஃபைலை வைத்து, மெஷினுக்கு மெஷின் ரூல் எழுதியவர்களுக்கு ஆபத்து. பன்னிரண்டு வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது.

சரி, நாம என்ன செய்யலாம்? 'இதைத் தவிர எல்லாம்' வேண்டாம், 'இது மட்டும்' என்று எழுதுங்க. வெப்சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிறவனுக்கு அந்த ஒரே கமாண்ட் போதும். ஃபைல் எடிட் பண்ணணுமா? 'சூடோஎடிட்' இருக்கு. பாலிசியைத் திருத்த 'விசூடோ'வைத் தவிர வேறு எதையும் தொடாதீங்க. எழுத்துப்பிழை இருந்தால் சேவ் ஆகும் முன்னாடியே கத்தும். முக்கியமா, அப்டேட் போடுங்க!

'என்னை நம்பலையா மச்சி?'ன்னு டீம்மேட் மூஞ்சியைத் தூக்குவான். நம்புறதாலதான் இந்த ஏற்பாடுன்னு சொல்லுங்க. நாளைக்கு ஏதாவது காணாமப் போனா, அவன்மேல பழி விழாம காப்பாத்தப் போறது அந்த லாக்தான்!