கடைசி வரிசைக்கும் எட்டிய குரல்

வெள்ளவத்தைக் காலி வீதியிலே மாலை வேளையில் நடந்து செல்லும் மாணவரைப் பாருங்கள். காதுக்குள்ளே சிறு குமிழ் ஒன்றைச் செருகியிருப்பார்கள். பஸ்ஸின் இரைச்சலும், மீன்காரனின் கூவலும், புகைவண்டியின் ஊதலும் அவர்களைத் தீண்டுவதில்லை. அண்மையில் எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவனை நிறுத்தி, "என்ன தம்பி கேட்கிறீர்?" என்று வினவினேன். "சோல் பாட்டு, ஐயா, அரீத்தா பிராங்கிளின்" என்றான். சற்றுத் தயங்கிவிட்டு, "இப்படி உயிரைக் கொடுத்துப் பாடினவை எங்கட ஆக்களிலும் இருந்தவையோ?" என்று கேட்டான். நடைபாதையிலே நின்று விடை சொல்லக்கூடிய கேள்வியன்று அது. ஆகவே இவ்வாரம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

'சோல்' என்ற சொல்லுக்கு ஆன்மா என்று பொருள். அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் தம் தேவாலயங்களிற் பாடிய பாட்டு, 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் கோயில் வாசலைத் தாண்டி வெளியே வந்து, காதலையும் பிரிவையும் பாடத் தொடங்கியபோது அதற்கு இப்பெயர் வாய்த்தது. அரீத்தா பிராங்கிளின் டெட்ரோய்ட் நகரத்துப் போதகர் ஒருவரின் மகள். பாடுபவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, சபை எழுந்து நின்று மறுமொழி கூறும். அந்த மறுமொழியைக் கேட்டுப் பாடுபவர் இன்னும் ஒருபடி மேலே ஏறுவார். இதுவே அக்கலையின் உயிர்நிலை. 1962 ஒக்டோபர் 24ஆம் திகதி நியூயோர்க் ஹார்லெமில் உள்ள அப்பலோ அரங்கிலே ஜேம்ஸ் பிரவுண் பாடியதை இசைத்தட்டாக்க அவருடைய கம்பெனி முதலாளி விரும்பவில்லை. மேடைக் கூச்சலையெல்லாம் யார் விலை கொடுத்து வாங்குவார் என்பது அவர் எண்ணம். பிரவுண் தம் கைப்பணத்தைச் செலவிட்டே அதனைப் பதிவு செய்வித்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த அத்தட்டு அமோகமாக விற்பனையாயிற்று. முதலாளி வேண்டாமென்ற அந்தக் கூச்சலுக்காகவே சனங்கள் அதனை வாங்கினார்கள்!

இனி நம்மவர் கதைக்கு வருவோம். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. இந்தக் கொழும்பு நகரமே போதும்.

1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, இருகரைப் புகைவண்டிகளையும் இணைத்தது. மதராசில் ஏறியவர் கோட்டை நிலையத்தில் வந்து இறங்கலாம் என்றாயிற்று. வியாபாரிகளும் தொழிலாளரும் வந்த அதே வழியாலே நாடகக்காரரும் ஆர்மோனியப் பெட்டியும் வேடப்பெட்டியுமாக வந்து சேர்ந்தனர். சிங்கள நூர்த்தி நாடகத்துக்கு மருதானையிலே 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் இருந்ததுபோல், தமிழ் நாடகத்துக்கு ஜிந்துப்பிட்டிப் பக்கம் பேர்பெற்றிருந்தது. கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு வாசிகளுக்கு அது கூப்பிடு தூரம். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியற்காலையிலேதான் மங்களம் பாடுவார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தவனும் காசு கொடுத்தே வந்தவன். அவனுக்குப் பாட்டு எட்டாவிட்டால் மறுநாள் அவன் வரமாட்டான். ஆகையால் ராஜபார்ட் ஆயினும் ஸ்திரீபார்ட் ஆயினும் உச்ச சுருதியிலே, சொல் சிதையாமற் பாடவேண்டும். மேடையின் முன்னோரத்தில் ஆர்மோனியக்காரர் அமர்ந்து பின்பாட்டும் பாடுவார். சில ஆர்மோனியக்காரர் நடிகரையே மூழ்கடித்துவிடுவதும் உண்டு என்பதை இங்கே ஒளிக்கவேண்டியதில்லை. "அந்தக் காலம் போல வருமா?" என்று பெருமூச்சு விடுவோர், அந்தக் காலத்திலும் தொண்டை கிழியக் கத்தியவர் பலர் இருந்தனர் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். எல்லாப் பபூனும் சிரிப்பு மூட்டவில்லை. எல்லா நாரதரும் சுருதி சேரவில்லை.

ஆனால் ஒன்றிலே அந்த மேடைக்கு இணை கிடையாது. அக்காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' என்பதன் ஏற்பாட்டைச் சற்றுக் கவனியுங்கள். அது ஒரு கம்பெனியின் நாடகமன்று. நாடகம் நடத்துவோர் ஓர் ஊரிலிருந்து வேலனையும், இன்னோர் ஊரிலிருந்து வள்ளியையும், வேறோர் ஊரிலிருந்து நாரதரையும் தனித்தனியே பேசி ஒப்பந்தம் செய்வார்கள். முன்பின் முகம் பார்த்திராத நடிகர் நேராக மேடையிலே சந்திப்பர். ஒத்திகை கிடையாது. அப்படியாயின் நாடகம் நடந்தது எவ்வாறு? சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922) எழுதிவைத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலான நாடகங்களை எல்லா நடிகரும் பாடம் பண்ணியிருந்தனர். கதை ஒன்று, பாட்டு ஒன்று. எஞ்சியதெல்லாம் அந்த இரவின் சாமர்த்தியம். வள்ளிக்கும் வேலனுக்கும் இடையே எழும் தர்க்கத்திலே ஒருவர் ஓர் இராகத்தை எடுத்து நிறுத்துவார். மற்றவர் அதை அதைவிட உயரத்திலே வாங்கவேண்டும். வாங்கமுடியாமற் போனாலோ சபை சும்மா இராது. வாங்கிவிட்டால் "ஒன்ஸ்மோர்" என்ற முழக்கம் கூரையைப் பிளக்கும். அப்பலோ அரங்கிலே அமெரிக்கர் செய்ததும் இதுதானே!

இத்தகைய மேடைக்குத்தான் 1926ஆம் ஆண்டளவில் இலங்கையிலே கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் வந்து எதிரெதிரே நின்றார்கள்.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியிற் பிறந்தவர். வறுமையிலே வளர்ந்து, சிறுமியாக இருக்கையில் ஓடும் ரயிலிற் பாடிக் காசு பெற்றவர் என்பர். இளமையிலேயே இலங்கைக்கு வந்து மேடையேறிப் பெயரெடுத்துவிட்டார். கிட்டப்பா 1906இற் செங்கோட்டையிற் பிறந்தவர். சகோதரரோடு பாலப்பருவத்திலேயே நாடகத்தில் இறங்கி, பின்னர் கன்னையா கம்பெனியின் தசாவதாரத்திலே பரதனாகத் தோன்றித் தமிழ்நாட்டையே மயக்கியவர். கருநாடக வித்துவான்கள் கச்சேரியிலே ஆறுதலாக விரிக்கும் இராகத்தை, இவர் நாடக மேடையில் நின்றபடியே, எட்டமுடியாத சுருதியில், பொறி பறக்கும் வேகத்திற் பாடுவார். இந்த இரண்டு குரல்களையும் ஒரே கொட்டகைக்குள் அடைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கக் கொழும்பு இரசிகர் ஆவலாயிருந்ததில் வியப்பில்லை.

நடந்தது போட்டியன்று. ஒருவர் குரல் மற்றவர் குரலைத் தேடிக்கொண்டது. 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். ஆதலால் அந்த வாழ்வு பூவிரித்த பாதையாக அமையவில்லை. பிரிவும் மனத்தாங்கலும் வந்து சேர்ந்தன. மேடையிலோ இருவரும் சேர்ந்து வரும் நாளிலே சனம் ஊர்விட்டு ஊர் வந்து குவிந்தது.

1933 டிசெம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு. சோல் இசையிலே ஈடற்றவர் எனப்படும் ஒட்டிஸ் ரெடிங் 1967 டிசெம்பரில் விமான விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது இருபத்தாறு. ஆனால் ரெடிங் அவ்வாண்டு ஜூனிலே மொன்டரே விழாவிற் பாடியதை இன்றும் படச்சுருளிற் காணலாம். கிட்டப்பாவை அப்படிக் காண இயலாது. முதலாவது தமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸ் 1931இலேதான் வெளிவந்தது. அவர் எந்தப் படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். அவர் பாடியதாக நமக்கு எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுகள் மாத்திரமே. அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். விடியவிடியப் பாடியவரை மூன்று நிமிடத்துள் மடித்துவைத்தால் என்ன மிஞ்சும்? குரல் மிஞ்சியிருக்கிறது. அந்தக் குரல் நிற்கும் இடத்தில் எழுந்த முழக்கம் இல்லை. எதிரே நின்று அதை வாங்கிய வள்ளியும் இல்லை. அத்தட்டுகளைக் கேட்கும் இளைஞர் சிலர், "நல்லாய்த்தான் பாடுகிறார், ஆனால் ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்கின்றனர். அவசரம் அவருடையதன்று, தட்டினுடையது.

கணவர் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. அன்று உடுத்த வெள்ளைச் சேலையை அவர் பின்னர் மாற்றவேயில்லை. எந்த ஆடவனுக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். அது சோகத்தின் சபதமா, பெண் ஒருத்தி தனக்குத் தானே கட்டிக்கொண்ட கோட்டையா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இரண்டும் என்றே இப்போது தோன்றுகிறது. அச்சபதம் அவர் வாயைக் கட்டிவிடவில்லை. 1935இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளிலே கேட்டவர் மூச்சடைத்துப்போகும் தொகை. ஏற்ற வேடமோ நந்தனார் என்ற ஆண்வேடம். அவருக்கு எதிரே வேதியராகத் தோன்றியவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பின்னர் மணிமேகலை, ஒளவையார், பூம்புகாரிலே கவுந்தியடிகள், திருவிளையாடலில் மீண்டும் ஒளவை எனத் துறவியரும் மூதாட்டியருமே அவருடைய பாத்திரங்கள் ஆயினர். 1951இல் சென்னை மேற்சபையில் அங்கத்தினரானார், 1970இற் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1980இல் மறைந்தார். ஒளவையார் வெளிவந்த 1953இல் ஒலிவாங்கி எத்தனையோ முன்னேறிவிட்டது. மெல்லப் பாடினாலே போதும். அவரோ அப்போதும் கடைசி வரிசையில் யாரோ ஒருவன் இருக்கிறான் என்பதுபோலவே பாடினார்.

ஒலிவாங்கியை நான் பழிக்கவில்லை. காதோடு காதாகப் பாடும் மென்குரல்கள் அதனாலேயே நமக்குக் கிடைத்தன. இலங்கை வானொலி இல்லாவிடின் பழைய தட்டுகள் பல நம் செவிக்கு வந்திராது. 1950களிலே தமிழ்நாட்டாரும் அல்லவா நமது வானொலிக்குக் காத்திருந்தனர்!

இந்நாட்டிலேயே பிறந்து அந்த மேடைக் குரலைக் காத்தவர் ஒருவரையும் மாணவ அன்பர்கள் அறிதல் வேண்டும். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 – 1989) அவர்கள்தாம் அவர். யாழ்ப்பாணத்திலே கொட்டகைக் கூத்து என்று வழங்கிய இசைநாடகத்தை, சினிமா பெருகிய காலத்திலும், தமது வசந்த கான சபாவோடு ஊர் ஊராகக் கொண்டுசென்றார். பக்த நந்தனாரும் அவருக்குப் புகழ் தந்ததே. ஆயினும் அரிச்சந்திர மயான காண்டத்துக்கு ஈடில்லை. சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் நிற்பார். இறந்த மைந்தனைச் சுமந்துகொண்டு சந்திரமதி வருவாள். கூலி கொடாமற் பிணத்தை எரிக்கவிடமாட்டேன் என்று கணவனே மனைவியைத் தடுப்பான். கதை யாவருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆயினும் கோயில் வீதி மணலிலே பாயை விரித்திருந்த கிழவியர் முதல் மடியிலே குழந்தையை உறங்கவைத்த தாய்மார் வரை ஆண்டுதோறும் அழுதார்கள். தன் வீட்டு இழவையெல்லாம் ஒருத்தி அந்த ஒரு பாட்டிலே இறக்கிவைத்துவிட்டு, விடியலில் பாயைச் சுருட்டிக்கொண்டு போவாள். சோல் என்று எதைச் சொல்கிறார்களோ எனக்குத் தெரிந்த தமிழிலே அது இதுதான்.

அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1990இலே போரினாற் காங்கேசன்துறைச் சனங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். 1995இல் வலிகாமமே பெயர்ந்தது. பெட்டியிலே வைத்திருந்த ஒலிநாடாக்கள் எத்தனை வீடுகளிலே வீட்டோடு போயினவோ! பாய்விரித்து அழுத அந்தச் சபையும் இலண்டனுக்கும் தொரொன்டோவுக்குமாகச் சிதறிற்று. ஒரு பகுதி இந்த வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே வந்து குடியேறிற்று.

கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலே இரவு எட்டு மணிக்குப் பின் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைத்தொலைபேசியிலே எங்கோ ஒரு வீட்டில் மயான காண்டம் ஒலிக்கும். முதியவர் அடுத்த அடியை அதற்கு முன்னரே எடுத்துவிடுவார். அதுவும் பழைய சுருதியிலே, அடிவயிற்றிலிருந்து. "அப்பா, கீழ்வீட்டு ஆக்கள் வந்து கதவைத் தட்டப்போகினம்" என்று சொல்லிக்கொண்டே மகள் எழுந்துபோய் யன்னலைச் சாத்துவாள்.