கைத்தொலைபேசிப் பதிவேடு யாருடைய கையில்?

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில் வாழும் ஒரு தமிழர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றாலும், அவரது நோர்வே இலக்கத்துக்கு வரும் அழைப்பு அங்கே அவரைத் தேடி வந்து ஒலிக்கிறது. அவர் எங்கிருக்கிறார் என்பதை அழைப்பவர் அறியத் தேவையில்லை. வலையமைப்பு அறிந்திருந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்கு முன்னோடி நோர்டிக் நாடுகளே. அவை கூட்டாக உருவாக்கிய என்எம்டி சேவை 1981இல் சுவீடனிலும் நோர்வேயிலும், 1982இல் டென்மார்க்கிலும் பின்லாந்திலும் தொடங்கியது. எல்லை கடந்து செல்லும் சந்தாதாரரையும் தானாகவே கண்டறிந்து இணைப்பது அதன் சிறப்பம்சம்.

1991இல் பின்லாந்தில் வணிகச் சேவையாக அறிமுகமான ஜிஎஸ்எம் இதனை மேலும் செம்மைப்படுத்தியது. பயனாளர் யார் என்பதை சிம் அட்டை சொல்கிறது. எந்தக் கருவி என்பதை 15 இலக்க ஐஎம்இஐ எண் சொல்கிறது. அவருக்கு எந்தெந்தச் சேவைகள் உண்டு என்பது தாய் நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளது. வெளிநாட்டில் கருவியை இயக்கியதும் அங்குள்ள நிறுவனம் தாய் நிறுவனத்திடம் விசாரித்து, சிம் அட்டையைச் சோதித்த பின்னரே இணைப்பு வழங்குகிறது.

அந்த வேளையில் தகவல் இரண்டாகப் பிரிகிறது. சந்தாதாரர் எந்த வலையமைப்பில் இருக்கிறார் என்பது தாய் நிறுவனத்திடம் பதிவாகிறது. எந்தக் கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கிறார் என்ற நுணுக்கமான விபரமோ உள்ளூர் நிறுவனத்திடமே இருக்கிறது.

மியன்மார் தந்த பாடம்

அழைப்பை இணைக்க இன்றியமையாத இந்தப் பதிவேடு, ஒருவரைப் பின்தொடரவும் உதவும். நோர்வே அரசு பாதிக்கும் சற்று அதிகமான பங்குகளை வைத்திருக்கும் டெலினோர் நிறுவனம் 2014இல் மியன்மாரில் சேவையைத் தொடங்கியது. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய வேளையில் அதற்கு அங்கே சுமார் 1 கோடி 80 இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் வெளியேறும் முடிவை அறிவித்த நிறுவனம், தொடர்ந்து இயங்கினால் ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்க நேரிடும் என்று பின்னர் விளக்கியது. 2022 மார்ச்சில் விற்பனை நிறைவடைந்தது.

ஆனால் நிறுவனத்துடன் சந்தாதாரர் விபரங்களும் கைமாறும் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதமாக இருந்தது. 474 மியன்மார் பொது அமைப்புகளின் சார்பில் நோர்வேயில் முறைப்பாடும் செய்யப்பட்டது. தனது ஊழியர்களின் பாதுகாப்பைக் கருத வேண்டியிருந்ததாக டெலினோர் கூறியது. இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் உண்டு. எனினும் வெளியேறிய நிறுவனத்தால் பதிவேட்டைத் தன்னுடன் எடுத்துச் செல்ல முடியவில்லை என்பதே உண்மை.

புலம்பெயர் தமிழர்களும் கவனிக்க வேண்டிய விடயம் இது. நோர்வேயில் தொலைபேசிக் கண்காணிப்புக்குப் பொதுவாக நீதிமன்ற அனுமதி தேவை. ஆயினும் ஹவுகன்ஸ்டுவாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ஓர் அழைப்பின் பதிவு இரு நாடுகளிலும் உருவாகிறது. ஒரு முனையில் உள்ள கண்டிப்பான சட்டம் மறுமுனையில் பேசுபவரைக் காப்பதில்லை.

பயனாளரை அடையாளம் காணும் முறைகளை நாடுகள் கூடி வகுத்தன. பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யார் கேட்டால் தரலாம், நிறுவனம் விற்கப்படும்போது அவை என்னவாகும் ஆகிய கேள்விகளை ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் விட்டுவிட்டன. தொழில்நுட்பம் எல்லைகளைக் கடந்துவிட்டது. அதன் பயனாளருக்கான பாதுகாப்பு இன்னமும் கடக்கவில்லை.